பரங்கிக்காய் உடையாத ஷாக் அப்சார்பர்

பாரியோ

கூச்சிங்கில் இருக்கும் அன்பும் மரியாதையும் உள்ள மாமா அவர்களுக்கு, மருமகன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் இங்கே நான், மனைவி சுப்பாங், கைக்குழந்தை, மாமியார், எருமை எல்லாரும் நலம். போன் டவர் மறுபடி படுத்துவிட்டது, அதனால்தான் கடிதம்.

தாங்கள் அனுப்பிய நாலு ஷாக் அப்சார்பரும் கிடைத்தன. கோடி நன்றி. கடை கடையாக ஏறி இறங்கி, குமிழைத் திருப்பினால் இறுகவும் இளகவும் செய்கிற ரகமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதைவிட, பார்சல்ல என் புதுப் பேரையே போட்டிருந்தீங்க பாருங்க, அங்கதான் மாமா நான் அசந்துட்டேன். பிள்ளை பொறந்தா பேர் மாறுற நம்ம வழக்கப்படி, அப்பனானதும் லியான் போய் அகான் உலுன் ஆயிட்டேன், ஆனா ஊர்ல பாதிப் பேர் இன்னும் லியான்னுதான் கூப்பிடுறான். அகான் உலுன்ங்கிற பேர முன்னால வச்சிருந்த பெரியவர் தாத்தாவாகி ராபேன் அயுன்னு மாறுனப்போ எனக்கு விட்டுக்கொடுத்தது. அனுப்புனவர் பேரு மழையில அழிஞ்சிருந்துச்சு. விமானத் திடல்ல "அகான் உலுன் யாருப்பா?"ன்னு கத்துனாங்க. "நான்தான்!"னு ஓடுனேன். மொதல் தடவையா அந்தப் பேருக்கு ஓடுனேன் மாமா.

அப்போ இருந்த நெலமை உங்களுக்குத் தெரியும். பேர் சூட்டுற விருந்து நெருங்குது, பிள்ளையும் சுப்பாங்கும் அவ வேலை பாக்குற மிரி டவுன்ல, விமானத்துல ஒரு சீட்டு இல்ல. பிள்ளை இல்லாம என்ன விருந்து? மரக் கம்பெனி ரோட்டுல என் வண்டியிலதான் கூட்டியாரணும். மாமியார் ஒரே பிடி: "போன தடவ உன் வண்டியில என் பல்செட்டு ஜன்னல் வழியாப் போச்சு. என் பேரப்புள்ளைய அதுல ஏத்துவேன்னு நெனச்சியா?"

"சோதிச்சுப் பாருங்கத்தை"ன்னேன். தோட்டத்துல ஒரு பரங்கிக்காயப் பறிச்சு, பிள்ளை கட்டுற துணியில சுத்தி, மடியில வச்சுக்கிட்டு முன்சீட்டுல ஏறிட்டாங்க. நாலு குமிழையும் கடைசி வரைக்கும் இறுக்குனேன். இறுக்கம்னா பலம்னு நெனப்பு. பாலம் தாண்டுறதுக்குள்ள காய் ரெண்டாப் பொளந்துச்சு. "பாத்தியா? இது உன் புள்ள!"ன்னு ஒரு பாதிய என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாங்க. அன்னிக்குச் சோத்துக்கு அதுதான். மறுநாள் வேற காய். மொத்தத்தையும் இளக்கிவிட்டேன். வண்டி படகு மாதிரி ஆடி ஆடிப் போச்சு. காய்க்கு ஒண்ணும் ஆகல, அத்தைதான் வாந்தி. "காய் சுகமா இருக்கு, என்னை எறக்கு!" அப்புறம்தான் புத்தி வந்துச்சு. பின்னால அரிசி மூட்டைய ஏத்தி, பின்குமிழ அதுக்குத் தக்கபடி இறுக்கி, முன்னால கொஞ்சம் இளக்குனேன். பள்ளத்துல எறங்கி ஏறித் திரும்பிப் பாத்தா, அத்தை தூங்குறாங்க. கை மட்டும் பரங்கிக்காயத் தட்டிக்கொடுத்துக்கிட்டே இருக்கு.

மிரியிலேருந்து வரும்போது ராபேன் அயு பெரியவரும் ஏறிக்கிட்டார். பிள்ளை வழி முழுக்க அழவேயில்ல. ஊர் வந்ததும் பெரியவர் குனிஞ்சு ஷாக்கத் தடவிப் பாத்தார். "அடேய், இதே ரகம்தான்டா நானும் சொல்லிவச்சிருக்கேன். விமானக்காரனுங்க எங்க தொலைச்சானுங்களோ!" பாவமா இருந்துச்சு. "வரும் பெரியப்பா, பொறுமை வேணும்"னு புத்தி வேற சொன்னேன்.

விருந்து ஜோரா நடந்துச்சு மாமா. பள்ளிக்கூடத்த விட்டப்போ என்னைத் திட்டாத ஒரே ஆளு நீங்க. அதுக்கும் சேத்துத்தான் இந்த நன்றி. தங்கள் இடுப்பும் முதுகும் குலுங்காமல் கர்த்தர் காப்பாராக. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் நன்றி மறவாத மருமகன்,
அகான் உலுன்

பி.கு.: உறைய ஒட்டப்போற நேரத்துல உங்க பார்சல் வந்திருக்கு மாமா. மேல "லியான்"னு உங்க கையெழுத்து. உள்ள நாலு ஷாக்கு, குமிழ் கிமிழ் ஒண்ணும் கெடையாது. நான் மாட்டுனது பெரியவரோடது, அவர் அதப் பழைய பேர்லயே, அகான் உலுன்னுதான் சொல்லிவச்சிருக்கார். இப்ப வாசல்ல நிக்கிறார். சிரிச்ச மொகம்தான், ஆனா கையில இருக்குற ஸ்பானர் பெருசு. நன்றி நன்றியாவே இருக்கட்டும், கடிதத்த மறுபடி எழுத நேரமில்ல. சுப்பாங் வேலைக்கு மிரி திரும்பணும், பிள்ளையோட, இனி உங்க ஷாக்குலதான். அத்தை தோட்டத்துல பரங்கிக்காயத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டிருக்காங்க.