முழங்காலுக்குப் பணிந்த மானிட்டர்

இந்தச் சீசனில் குற்றாலத்து அருவியில் தலை நனைத்தே தீருவது என்று நான் சபதம் செய்தேன்.

சிரிக்காதீர்கள். தென்காசிக்காரனுக்கு இதற்கெல்லாம் ஒரு சபதமா என்று கேட்பீர்கள். நீங்கள் வெளியூர். உங்களுக்கு அருவியைத் தெரியும், உங்களைக் குளிக்கவைத்து அனுப்பும் உள்ளூர்க்காரனைத் தெரியாது. சாரல் ஆரம்பித்ததும் எங்கள் ஊரில் முதலில் பெருகுவது தண்ணீர் அல்ல, சொந்தக்காரர்கள். "மாப்ளே, தண்ணி விழுதா?" என்று காலையில் போன் வரும். விழுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் மதியம் வாசலில் வேன் நிற்கும். எல்லோரும் ஓவென்று கத்திக்கொண்டு அருவிக்குள் ஓடுவார்கள். ஒருவன் மட்டும் கரையில் உட்கார்ந்து துணிமூட்டையையும் போன்களையும் குரங்குகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அந்த ஒருவன் நான்தான். போன சீசன் முழுக்க என் தலையில் பட்ட ஒரே அருவித் தண்ணீர், என் மச்சினன் விஜய்பாண்டி தலையைத் துவட்டும்போது தெறித்தது.

இந்த வருடமும் அவன் குடும்பத்தோடு சனிக்கிழமை வருகிறானாம். என் மனைவி முத்துவடிவு புதன்கிழமையே அறிவித்துவிட்டாள். ஆபீஸ் வேலை என்று தப்பிக்க முடியாது. நான் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். சனிக்கிழமை எனக்கு லீவு என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் கடவுள் மானிட்டர் ரூபத்தில் வந்தார்.

மானேஜர் மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருந்தார். திடீரென்று திரை கறுத்துவிட்டது. குரல் மட்டும் வந்தது. முகம் இல்லாமல் கேட்க அவர் குரல் இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் வேலை நடக்க வேண்டுமே! ஆஃப் செய்து ஆன் செய்தேன். வந்தது. போனது. பிளக்கை மாற்றினேன். வந்தது. போனது. பின்பக்கத் தூசியைத் தட்டினேன். ஏழெட்டுத் தும்மல் மட்டும் வந்தது. கடைசியில் மேஜைக்கு அடியில் புகுந்தேன். என் முழங்கால் மேஜையில் இடித்தது. பளிச்! திரை வந்துவிட்டது. மறுபடி இடித்தேன். கறுப்பு. இடித்தேன். பளிச்!

கண்டுபிடித்துவிட்டேன்! கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்குப் போகும் கேபிள் பின்னால் லூசாக இருந்திருக்கிறது. மேஜை ஆடினால் அதுவும் ஆடுகிறது. அவ்வளவுதான். ஒரு அழுத்து அழுத்தினால் சரியாகிவிடும். அழுத்தக் கையைக் கொண்டுபோனேன்.

கை பாதி வழியில் நின்றது. மூளை முழு வேகத்தில் ஓடியது. மானிட்டர் ரிப்பேர். சனிக்கிழமை சர்வீஸ் ஆள் வருவார். யாராவது வீட்டில் இருக்க வேண்டும். எல்லோரும் ஐந்தருவிக்குப் போவார்கள். நான் என் சிநேகிதன் நமசிவாயத்தின் பைக்கில் ஏறி, அவர்கள் கண்ணில் படாமல் தள்ளியிருக்கும் பழைய குற்றால அருவிக்குப் போவேன். தலையில் தண்ணீர் தடதடவென்று விழும்! மேஜைக்கு அடியிலேயே துள்ளினேன். தலை இடித்துத் திரை மறுபடியும் கறுத்தது.

சிறிது நேரத்தில் வடிவு உள்ளே வந்தாள்.

"ஏங்க, சனிக்கிழமை ஐந்தருவிக்குப் போறப்போ..."

முழங்காலால் ஒரு தட்டு.

"ஐயோ! போச்சு! எல்லாம் போச்சு!"

"என்னங்க ஆச்சு?"

"பாரு வடிவு, திரை கறுத்துட்டு. காலையில இருந்து இப்படித்தான் உயிரை வாங்குது. இது சரியாகலைன்னா என் வேலையே போயிரும்."

அவள் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு நூர்நிஷாவைக் கூப்பிட்டாள். நூர்நிஷாவின் கணவர் துபாயில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறார். வீடியோ காலோடு வந்தாள் அந்தப் புண்ணியவதி.

"அண்ணே, பின்னால இருக்க கேபிளை ஒரு ஆட்டு ஆட்டிப் பாக்கச் சொல்லுதாங்க."

"தொடாதீங்கம்மா!" என்று மானிட்டருக்கு முன்னால் பாய்ந்தேன். "ஷாக் அடிக்கும்!"

"ஷாக்கெல்லாம் அடிக்காதுங்காங்களே?"

"அது துபாய் கரண்டு. இது வேற!"

நூர்நிஷா போய்விட்டாள். வடிவு மட்டும் கேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உப்பும் மிளகாயும் எடுத்துவந்து மானிட்டருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. இப்படி ஒரு வெள்ளந்தியை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. முழங்காலுக்கு அந்த உறுத்தலெல்லாம் இல்லை.

மறுநாள் அவள் ஏனோ அடிக்கடி அறைக்கு வந்தாள்.

"ஏங்க, வாழைக்காய் பஜ்ஜி போடட்டுமா?"

"போடேன்." திரை பளிச்சென்று இருந்தது.

"தம்பிக்கு அருவிக்குப் போக நம்ம கார்தான்..."

தட்டு. கறுப்பு. "ஐயோ!"

"சரி சரி, பஜ்ஜிக்குத் தேங்காய்ச் சட்னியா, தக்காளிச் சட்னியா?"

"தேங்காய்." பளிச்.

"தம்பி துணிமணியை யாரு பாத்துக்கிடுவாங்கன்னு..."

கறுப்பு. பட்டுப் பட்டென்று வேலை செய்தேன். இவ்வளவு சுறுசுறுப்பாக நான் கம்பெனிக்குக்கூட உழைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவளாகவே சொன்னாள். "ஏங்க, சர்வீஸ் ஆளு நாளைக்கு வருவாருன்னு சொன்னீங்கள்லா? அப்போ நாளைக்கு நீங்க வீட்டிலயே இருங்க. நாங்க ஐந்தருவிக்குப் போயிட்டு வந்திருதோம்."

"நான் இல்லாம எப்படி வடிவு?" என்று முகத்தைத் தொங்கப்போட்டேன். தொங்கவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை. விஜய்பாண்டியும் அவன் மனைவி பொன்செல்வியும் காரில் ஏறிவிட்டார்கள். வடிவு மட்டும் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயோடு என்னிடம் வந்தாள்.

"சனிக்கிழமையும் அதுவுமா எண்ணெய் தேய்ச்சுக்காம இருக்கலாமா? அந்தத் திரையைப் பாத்துப் பாத்து உங்க கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. உக்காருங்க."

உச்சியில் ஊற்றினாள். தோளில் ஊற்றினாள். முதுகில் வழிய வழியத் தேய்த்தாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி உபசாரம் கிடையாது. "நல்லா ஊறவிட்டு, வெந்நீர்ல குளிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார் தெருமுனை திரும்பியது. நமசிவாயத்தின் பைக் வாசலுக்கு வந்தது.

"ஏலே குமரு, என்னலே எண்ணெய்க் கொப்பரையில விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்க? குளிச்சிட்டு வா, போவோம்."

குளித்துவிட்டு அருவிக்குப் போவதாம்! வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கல்யாணப் பந்திக்குப் போவதா? ஒரு துண்டை எடுத்துத் துடைத்தேன். ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் சாரல். காற்றில் ஈர மண் வாசம். நான் விசிலடித்தேன். பின்னால் உட்கார்ந்து டான்ஸ் ஆடாதே என்று நமசிவாயம் திட்டினான்.

பழைய குற்றாலம். தண்ணீர் அப்படி விழுகிறது! வெள்ளையாக, கொட்டு முழக்கோடு! சட்டையைக் கழற்றினேன். துண்டைக் கட்டினேன். வரிசையில் நின்றேன். நமசிவாயம் உள்ளே போய்விட்டான். அடுத்தது நான். முகத்தில் தூறலே விழுந்துவிட்டது!

தோளில் ஒரு கை விழுந்தது. வழுக்கியது. மறுபடி விழுந்தது.

"அண்ணாச்சி, எங்க போறீங்க?" போலீஸ்காரர். வழுக்கிய கையைத் தன் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "எண்ணெய், சோப்புக்கெல்லாம் தடைன்னு அவ்வளவு பெருசா எழுதி வச்சிருக்குல்லா?"

"சார், நான் உள்ளூர்."

"அப்போ இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கணுமே? ஒதுங்குங்க."

தெரியும். ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சந்தோஷத்தில் எனக்கு மறந்துவிட்டது. உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை மினுமினுத்துக்கொண்டு, அழாத குறையாக ஒதுங்கினேன்.

"ஏங்க, இங்கன."

திரும்பினேன். கரையில் ஒரு கல்லின்மேல் வடிவு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிமூட்டை. அந்தப் பக்கம் விஜய்பாண்டி அருவிக்குள் நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்தான்.

"நீ... ஐந்தருவின்னு சொன்னியே?"

"ஆமா. ஐந்தருவின்னு சொன்னாத்தான நீங்க இங்கன வருவீங்க? உங்க சிநேகிதருக்குத்தான் இந்த அருவியை விட்டா வேற தெரியாதே. சர்வீஸ் ஆளு வந்துட்டுப் போயிட்டாரா?"

"வடிவு... உனக்கு எப்படித் தெரியும்?"

"பஜ்ஜின்னு சொன்னா எரியுது. அருவின்னு சொன்னா அணையுது. எந்த ஊர்லங்க மானிட்டருக்குக் காது இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு சொட்டு எண்ணெய் உள்ளே போனது.

"எண்ணெயோட உங்களை உள்ள விடமாட்டாங்க. சும்மா நிக்கிறதுக்கு இங்கன உக்காருங்க." எழுந்தாள். துணிமூட்டையை என் மடியில் வைத்தாள். அதன்மேல் எல்லோருடைய போன்களையும் அடுக்கினாள். பெண்கள் பக்கம் நாலடி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அதுல எந்தப் போனாவது கறுத்துப் போச்சுன்னா, முழங்காலால ஒரு தட்டுத் தட்டுங்க. வந்துரும்."