நிழலுக்கு அஞ்சிய வண்டிகள்

உலகத்தைக் காப்பாற்றும் வேலை ஒருவழியாக எங்கள் நெடுஞ்சாலையில் முடிந்துவிட்டது. இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம், கண்ணுகளா.

தானே ஓடும் வண்டிகள் வந்தன. அவை அவசரப்படாது, முந்தாது, வீணாக பிரேக் போடாது, ஆகவே புகை குறையும் என்று சுற்றுச்சூழல் அலுவலகம் பலகை எழுதி மரத்தில் ஆணியடித்து மாட்டியது. அந்த மரத்தடியில்தான் என் தங்கை இருபது வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறாள்.

ஒரே ஒரு சிறு சிக்கல். சாலையில் விழும் மர நிழல் வண்டிகளுக்குப் பள்ளமாகத் தெரிந்தது. சடாரென்று நிற்கும், யோசிக்கும், பிறகு உறுமிக்கொண்டு கிளம்பும். ஒரு நிழலுக்கு இரண்டு தேக்கரண்டி பெட்ரோல் வீண். மரங்களோ நாற்பத்திரண்டு.

அதிகாரி கூட்டம் போட்டார். தங்கையை 'பொதுமக்கள்' என்று எழுதிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மரியாதை என்றால் அது மரியாதை.

"புகைக்கு மரங்கள்தான் காரணம்னு ஆய்வுல தெளிவா இருக்கு" என்றார் அதிகாரி.

"ஏன் சார், அது நிழலுன்னு வண்டிக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாதா?" என்றாள் தங்கை.

பொறியாளர் பொறுமையாக விளக்கினார். "அதுக்கு ஆறு மாசம் ஆகும்மா. மரத்த ரெண்டு நாள்ல எடுத்துடலாம்."

"அப்ப என் கடை?"

"கடை இருக்கட்டும்மா. கடை மேல எங்களுக்கு ஒரு புகாரும் இல்ல."

"வெயில்ல டயர் பசை நிமிஷத்துல காஞ்சுடும் சார். அதுக்குப் பின்னாடியே நானும்."

அந்தக் கருத்து 'நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது'.

'பசுமைச் சாலைத் திட்டம்' சொன்ன நாளில் நிறைவேறியது. வண்டிகள் நூல் பிடித்தாற்போல் ஓடின. திறப்பு விழா உச்சி வெயிலில், தங்கையின் கடை வாசலில். பதினொரு வண்டிகளில் அதிகாரிகள் வந்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளிருந்தபடியே ஒலிபெருக்கியில் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். புகையைப் பற்றி அவ்வளவு உருக்கமான பேச்சை நான் கேட்டதே இல்லை.

தலையில் ஈரத்துணியோடு தங்கை போய்க் கண்ணாடியைத் தட்டினாள். "சார், வண்டி நின்ன இடத்துலயே புகை விட்டுட்டிருக்கு. கொஞ்சம் அணைச்சிடுங்களேன்."

கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது.

"எப்படிம்மா அணைக்கிறது? ஒதுங்க ஒரு நிழல்கூட இல்லையே இங்க" என்றார் அதிகாரி.

தங்கை திரும்பி நடந்து, வெட்டி மிச்சம் விட்ட அடிமரத்தின்மேல் உட்கார்ந்தாள்.

"வண்டிக்கு நிழல் பள்ளமாத் தெரிஞ்சுது. அது மெஷினு, விடுங்க. உங்களுக்கு என்ன சார் ஆச்சு?"