நான்கு பிரவுசர்களும் ஒரு ரஞ்சனியும்

எனக்குப் பொறாமை உண்டு. ஊரில் இருக்கிற எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சம் பொறாமைப்படும் சாதாரண ரகம் இல்லை என்னுடையது. கூந்தல், கையெழுத்து, டிபன் பாக்ஸ் என எதையும் விடாமல் ஒரே ஒருத்தி மேல் முழு நேரமாகப் படுகிற பொறாமை. (பார்ட் டைமாகப் பட்டிருந்தால் மானம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.)

அந்த ஒருத்தி ரஞ்சனி. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் இருவரும் பாடம் எடுத்தோம். அவள் அப்பா கல்லூரிப் பேராசிரியர், அம்மா டீச்சர். என் அப்பா துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர், அம்மா புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. இருவரும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. இதை யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் பெருமாளைக் கும்பிட ஸ்ரீரங்கம் வந்த அம்மா, அப்படியே சென்டருக்குள் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது சொன்னாள்: "அந்தப் பொண்ணு எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுக்குது. கேட்டா எனக்கே வந்துரும் போலருக்கு."

"ஏன், நான் சொல்லிக் குடுத்தா வராதா?"

"நீ சொல்லிக் குடுக்குறப்ப பயமா இருக்குடி."

என் பொறாமை முழு நேர வேலையானது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் புத்தூரில் கிளை திறக்கப்போவதாகச் சென்டர் நடத்தும் எங்கள் சார் சொன்னார். எங்களில் ஒருத்திதான் அதற்குப் பொறுப்பாளர். ஞாயிறு காலை திருவானைக்காவலில் மகளிர் குழுப் பெண்களுக்கு ஓர் இலவச வகுப்பு. எந்தப் பிரவுசர் நல்லது, ஒவ்வொன்றிலும் நிறை என்ன, குறை என்ன என்று இருவரும் ஆளுக்கு அரைமணி நேரம் பேச வேண்டும். யாருடைய பேச்சு அந்தப் பெண்களுக்குப் பிடிக்கிறதோ அவருக்குப் புத்தூர். அந்தக் கிளை அம்மாவின் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே வருகிறது. வாசல் போர்டில் என் பெயர் இருக்கும், அம்மா தினமும் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவாள். (படிக்கத் தெரியாவிட்டால் என்ன, பெயருக்குப் பக்கத்தில் போட்டோவும் போடச் சொல்லலாம் என்றிருந்தேன்.)

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அட்டவணை தயாரித்தேன். இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை. குரோம்: எல்லாத் தளங்களும் ஒழுங்காகத் திறக்கும், டேப் அதிகமானால் எங்கள் சென்டரின் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். ஃபயர்ஃபாக்ஸ்: பின்னாலேயே துரத்தும் விளம்பரங்களைத் தடுக்கும், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. சஃபாரி: பேட்டரியை மிச்சம் பிடிக்கும், விலை கூடின போன் வைத்திருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். எட்ஜ்: பக்கத்தில் உள்ளதைத் தமிழிலேயே வாய்விட்டு வாசித்துக் காட்டும். இதற்குக் குறை எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

அட்டவணை அவ்வளவு அழகாக வந்துவிட்டதால், அதற்குக் கீழே இன்னொன்று போட்டேன். இரண்டே வரிசை: ரஞ்சனி, நான். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அழிக்க மனம் வரவில்லை, நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். அதனால் கோடுகளை எடுத்துவிட்டு எழுத்தை வெள்ளை நிறமாக மாற்றினேன். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து, யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை அம்மா லீவு போட்டுவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். ரஞ்சனி முதலில் பேசினாள்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறீங்க. ஸ்ரீரங்கம் போகணும். கவர்மென்ட் பஸ் வருது, பிரைவேட் பஸ் வருது. ஒண்ணுல வேகம் ஜாஸ்தி, ஒண்ணுல பாட்டுச் சத்தம் ஜாஸ்தி. எதுல ஏறினாலும் போய்ச் சேருறது ஸ்ரீரங்கந்தானே? பிரவுசரும் அப்படித்தாங்க. உங்களுக்கு எது சௌகரியமோ அதுல ஏறுங்க."

பெண்கள் சிரித்தார்கள். அம்மா கை தட்டினாள். தினமும் துவாக்குடியிலிருந்து பஸ் மாறி மாறித் தொங்கிக்கொண்டு வருகிறவள் நான். அவள் ஸ்கூட்டியில் வருகிறவள். பஸ் உதாரணம் நியாயமாக என்னுடையது.

என் முறை வந்ததும் ரெண்டரிங் எஞ்சின் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில், பந்திக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் முகங்களாக எல்லா முகங்களும் மாறிப்போயின. உடனே என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"படிக்கத் தெரியாதவங்க யாரெல்லாம்? கை தூக்குங்க."

முதலில் தூக்கியது அம்மா.

"இனிமே கவலையே வேணாம். மிஷினே உங்களுக்குப் படிச்சுக் காட்டும். ஒரு எழுத்து விடாது."

எட்ஜில் என் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து, வாசிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். ஸ்பீக்கரில் மரியாதையான ஒரு பெண்குரல் வந்தது. குரோமை வாசித்தது, ஃபயர்ஃபாக்ஸை வாசித்தது. பெண்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மா என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததேயில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான்காவது பிரவுசரும் முடிந்தது. குரல் முடியவில்லை.

"ரஞ்சனி. நிறைகள்: ஆங்கிலம். தலைமுடி. குறைகள்: தேவையில்லாமல் சிரிப்பாள். சாம்பார் சாதத்தில் நெய் ஊற்றிக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுப்பாள்."

திரும்பிப் பார்த்தேன். திரையில் வெறும் வெள்ளை. நிறத்தைப் பார்ப்பது கண்தானே, அந்தக் குரலுக்குக் கறுப்பும் ஒன்றுதான் வெள்ளையும் ஒன்றுதான். பாய்ந்துபோய் மவுஸைப் பிடித்தேன். நிறுத்துவதற்குப் பதில் பின்னால் போகும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

"தேவையில்லாமல் சிரிப்பாள்," என்றது மறுபடியும். அப்புறம்: "நான். நிறைகள்: அறிவு. உழைப்பு. முதல் வகுப்பு. தன்னடக்கம். குறைகள்: இல்லை."

ஸ்பீக்கர் ஒயர் என் கைக்குக் கிடைப்பதற்குள் கடைசி வரியும் வந்துவிட்டது. "குறிப்பு: அம்மாவுக்கு அவளைத்தான் பிடித்திருக்கிறது."

ஒயரைப் பிடுங்கினேன். பின் வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்:

"ஏம் பாப்பா, தன்னடக்கம்னு சொல்லுச்சே, அது நெசமாவா?"

அதன்பிறகு அந்த ஹாலில் யாராலும் பத்து நிமிடத்துக்குப் பாடம் நடத்த முடியவில்லை. ரஞ்சனி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நெய் பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாம்ல மலர்? உனக்குத் தனியா எடுத்து வச்சிருப்பேன்." (அந்த நேரத்திலும் பொறுமை. நான் எதைச் சொல்கிறேன் என்று இப்போது புரிகிறதா?)

பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா கேட்டாள்: "கடைசில என்னையப் பத்தி ஒண்ணு சொல்லுச்சே?"

"அது மிஷின் தப்பாப் படிச்சிருச்சும்மா."

"ஒரு எழுத்து விடாதுன்னு நீதானே சொன்ன."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் தப்பாக் கேட்டா என்ன போச்சு, அது யாரோ," என்றாள் அம்மா. "எம்பொண்ணு படிச்சவ. அவ முன்னாடி ஒண்ணும் தெரியாதவளா உக்கார எனக்குக் கூச்சமா இருக்காதா?"

பஸ் வந்ததும் கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் மட்டும் கேட்டேன், முதல் வகுப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

புத்தூர் ரஞ்சனிக்குப் போனது. அம்மா டியூட்டி முடிந்ததும் ரோட்டைத் தாண்டி அவளிடம் போய், போனை வாசிக்க வைக்கவும், வாயால் சொல்லி எழுத வைக்கவும் கற்றுக்கொண்டாள். வாழ்க்கையில் அம்மா முதன்முதலாக 'எழுதியது' என் குறைகளின் பட்டியல். உறவினர் யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதைப் போட்டுக் காட்டுவாள்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பொண்ணு குணம் எப்படிங்க என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும், அம்மா போனை எடுத்து அழுத்தினாள். "மலர். எழுப்ப மூன்று ஆள் வேண்டும்," என்று ஆரம்பித்துப் பதினாறு குறைகளையும் குரல் மரியாதையாக வாசித்தது. அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இதெல்லாம் யாருங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"ரஞ்சனின்னு ஒரு பொண்ணுங்க. அவ்ளோ பொறுமை."

"அப்படியா," என்றவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். அன்று மாலையே பட்டியலில் பதினேழாவது சேர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் எங்கள் சமையலறையில் எந்தப் பாத்திரம் விழுந்தாலும், அப்பா வாசலில் இருந்தபடியே கேட்கிறார்:

"என்னம்மா, ரஞ்சனி பேரை யாராவது சொன்னாங்களா?"