ஞானம் நீக்கிய மீன்

சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் விற்கப்படும் உணவின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ, அது உள்ளேயும் இருக்கவேண்டும். அதைக் கவனிப்பதற்கென்றே அங்கே 'உணவு லேபல் மெய்யறி பணியகம்' என்றொரு கந்தோர் இருந்தது. யாதவி அங்கே தற்காலிக அலுவலராகச் சேர்ந்து, நிரந்தரமாவதற்காக, அதாவது ஜெர்மன் மொழியில் 'ஃபெஸ்ட்' ஆவதற்காக, காத்திருந்தாள். லுசேர்ணிலிருந்து அவளுடைய அம்மா கமலாவதி போன் எடுக்கும்போதெல்லாம் முதலில் கேட்பது, "ஃபெஸ்ட் ஆக்கிப்போட்டாங்களோ?" என்பதைத்தான்.

அந்த நேரம் பார்த்து அயர்லாந்திலிருந்து ஒரு சல்மன் மீன் வந்து சேர்ந்தது. வரவழைத்தவர் ஒரு மலை விடுதிக்காரர். பனிக்கட்டிக் குளியல், மௌனப் பட்டறை, ஆடுகளோடு தியானம் எல்லாம் நடத்தி முடித்து, இனி எதைக் கொடுப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவர். பெட்டியின் லேபலில் இப்படி இருந்தது: 'ஞான சல்மன். மந்திரக் கிணற்றில் விழுந்த ஹேசல் கொட்டைகளைத் தின்று வளர்ந்தது. முதலில் சுவைப்பவருக்கு உலகத்து அறிவெல்லாம் கிட்டும்.' அயர்லாந்துக்காரர் ஆதிகாலத்திலிருந்து சொல்லிவருகிற கதைதான்.

பணிப்பாளர் ஹெர் பியூலர் யாதவியைக் கூப்பிட்டார். "கொட்டை என்று இருக்கிறது. ஒவ்வாமை எச்சரிக்கை இல்லை."

"அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டேன். ஞானத்தை என்ன செய்வது?"

"சோதிக்கவேண்டும். இல்லாவிட்டால் அது மோசடி."

"சோதிப்பவர்தான் முதலில் சுவைப்பவர். ஞானம் அவருக்குப் போய்விடும். பிறகு மீனில் மிஞ்சாது. லேபல் பொய்யாகிவிடும்."

ஹெர் பியூலர் ஜன்னலால் மலையைப் பார்த்தார். "சோதிக்காவிட்டால்?"

"விற்கமுடியாது."

"அப்படியானால் சோதித்துப் பொய்யாக்குவதே முறை," என்றார்.

'ஞானக் குறைபாடுள்ள ஊழியர்கள் விண்ணப்பிக்கலாம்' என்று அறிவித்தல் போனது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் ஆளுக்காள் பக்கத்து மேசைக்காரரைச் சிபாரிசு செய்திருந்தார்கள். அதிக சிபாரிசு பெற்றவர் ஹெர் பியூலர். அவர் அந்த அறிவித்தலையே மீளப்பெற்றுக்கொண்டார்.

யாதவி ஆய்வுகூடத்துக்குப் போனாள். அங்கே திருச்சிக்காரர் நெடுஞ்செழியன் இயந்திரங்களோடு இருந்தார்.

"இந்த மெஷின்ல புரோட்டீன் பாக்கலாம், கொழுப்பு பாக்கலாம். ஞானத்துக்கு செட்டிங் கிடையாதுங்க," என்றார்.

"நீங்கள் ஒருக்காச் சாப்பிட்டுப் பாக்கிறியளோ, அண்ணா?"

"நான் இப்ப வீகன். அதுவுமில்லாம, ஞானம் வந்து வேலைய விட்டுட்டேன்னா பர்மிட் போயிடும். உங்ககிட்ட சிவப்பு சுவிஸ் பாஸ்போர்ட் இருக்கு, நீங்க தாராளமா ஞானியாகலாம்."

வேறு வழியில்லை. யாதவி தானே பொரிக்கத் தொடங்கினாள். எண்ணெய் தெறித்துப் பெருவிரலில் பட்டது. சட்டென்று விரலை வாயில் வைத்தாள். அயர்லாந்துக் கதையில் ஞானம் வந்தது இப்படித்தான். ஆனால் அங்கே கையுறை விதி இருக்கவில்லை. யாதவிக்கு றப்பர் ருசி மட்டுமே வந்தது.

எட்டிப் பார்த்த ஹெர் பியூலர் கேட்டார்: "ஏதாவது தெரிகிறதா?"

"கையுறை தரமானது என்று தெரிகிறது."

பிறகு முள்ளுக்கரண்டியால் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டாள்.

எல்லாம் தெரிந்தது. பணியகத்தில் பாதிப்பேர் மற்றப் பாதிப்பேரின் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதற்காகவே இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அது ஹெர் பியூலருக்கும் தெரியும், அதனால்தான் அவர் எந்த நேரமும் மலையைப் பார்க்கிறார் என்பதும் தெரிந்தது. இதை வாய்விட்டுச் சொன்னால் தனக்கு என்ன நடக்கும் என்பது எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரிந்தது.

"என்ன மாதிரி?" என்றார் ஹெர் பியூலர்.

உலகத்து அறிவெல்லாம் வாய்க்கப்பெற்ற யாதவி, "உப்புக் காணாது," என்றாள்.

'மீனில் ஞானம் இல்லை' என்று அறிக்கை எழுதினாள். அதில் பொய்யுமில்லை, இப்போது மீனில் இல்லைத்தானே. அடுத்த கிழமை அவளை நிரந்தரமாக்கினார்கள்.

பணியகத்தின் உத்தரவுப்படி விடுதிக்காரர் மிச்ச மீனில் 'ஞானம் நீக்கப்பட்டது' என்று லேபல் ஒட்டினார். விருந்தினர்கள் நிம்மதியாகத் தின்று, இன்னும் கேட்டார்கள். உடனே அவர் மந்திரக் கிணற்றைக் கண்ணாலும் காணாத பண்ணைச் சல்மன்களை இறக்கி, அவற்றிலும் அதையே ஒட்டினார். யாதவி சோதித்து, லேபல் முழுக்க உண்மை என்று கையெழுத்து வைத்தாள். லாக்டோஸ் நீக்கிய பாலுக்கும் குளூட்டன் நீக்கிய பாணுக்கும் பக்கத்தில் அந்த மீன் நாடெங்கும் அடுக்கப்பட்டது. பின்னேரத்துக்குள் தட்டு வெறுமையாகிவிடும்.

கமலாவதி போன் எடுத்தா. "பிள்ளை, இஞ்ச தமிழ்க் கடையிலயும் வந்திட்டுது. சங்கத்துக் கூட்டத்துக்கு உந்த மீனைத்தான் பொரிக்கப் போறம். நம்பி வாங்கலாமோ?"

"ஓம் அம்மா. துளி ஞானமும் இல்லை. நீங்கள் முந்தி வாங்கின மீனும் அப்பிடித்தான்."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் அதைப் பெட்டியில போடேல்லை?" என்றா கமலாவதி. "நாங்கள் பயந்து பயந்தெல்லோ சாப்பிட்டனாங்கள்."