ஒற்றைத் துளை பெல்ட்

மனித இடுப்புக்குக் காலையில் ஓர் அளவு, பந்தியில் சாப்பிட்டு எழுந்தபின் வேறோர் அளவு. யுத்தத்துக்கு முந்திய ஒரு வைகாசியில், இந்த உண்மையை ஒரு பேண்டு கோஷ்டி எனக்கு நடுத்தெருவில் கற்றுக்கொடுத்தது.

அப்போது நானும் என் சிநேகிதன் காதரும் மதுரையில் தோல் பெல்ட் தைத்து விற்றோம். தையலை முன்கூட்டியே முடித்து, பக்கிள் மாட்டும் முனையை மட்டும் விட்டுவைப்போம். ஆள் வந்ததும் இடுப்பை அளந்து, மிச்சத் தோலை நறுக்கி, பக்கிளைத் திருகாணி போட்டு முடுக்கிவிடுவோம். காதர் தைப்பான். அளவெடுப்பது நான். (அந்தப் பொறுப்பை யாரும் எனக்குத் தரவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.)

தூரத்து உறவான சொக்கலிங்கம் மாமா தம் மூத்த மகளின் கல்யாணத்துக்கு வரும் பேண்டுக்காரர்களுக்கு எங்களிடம் பெல்ட் கேட்டார். இளைய மகள் வள்ளியை எனக்குக் கொடுக்கும் யோசனையும் அவருக்கு இருந்தது. "மாப்ள, வேலை அம்சமா இருக்கணும்" என்றார். அவர் வாயில் 'மாப்ள' வந்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை.

காலையிலேயே கோஷ்டியை வரவழைத்து, வெறும் வயிற்றில் அளந்து, ஒட்ட நறுக்கினேன். பிறகு ஒவ்வொரு பெல்ட்டிலும் ஒரே ஒரு துளை போட்டேன்.

"இன்னும் ரெண்டு துளை போட்டு வையி மாப்ள" என்றான் காதர்.

"அளவெடுக்கத் தெரியாதவனுக்குத்தான் நாலு துளை. கண்ட இடத்துல குத்துனா அது பெல்ட்டா, சல்லடையா?" என்றேன்.

மத்தியானம் கல்யாண வீட்டில் பந்தி. கோஷ்டித் தலைவர் சவரிமுத்து அண்ணன் பாயசத்தை இலையில் அணை கட்டிக் குடித்தார்.

சாயங்காலம் தெப்பக்குளக் கரையில் மாப்பிள்ளை அழைப்பு. கோச்சு வண்டியில் மாப்பிள்ளை, அவருக்கு முன்னே கோஷ்டி, பக்கத்தில் பெருமையோடு நான். சவரிமுத்து அண்ணன் தம் பெரிய பித்தளைக் குழலை ஊத மூச்சை உள்ளே இழுத்தார். டப்பென்று திருகாணி தெறித்துப் பெரிய மேளத்தில் பட்டது. வேகமாக வாசிக்கச் சொல்லும் சைகை என்று நினைத்துவிட்ட மேளக்காரர் வெளுத்து வாங்கினார். வேகத்துக்கு ஈடுகொடுக்க எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். டப், டப், டப்!

ஒரு பக்கிள் பறந்துபோய்க் குதிரையின் முதுகில் பட்டது. அது மாப்பிள்ளையோடு பிய்த்துக்கொண்டு ஓடியது.

"தம்பி! ஒத்தக் கையால எப்பிடிய்யா வாசிக்கிறது?" என்று கத்தினார் சவரிமுத்து அண்ணன். மறு கையில் தொளதொளத்த கால்சட்டை இருந்தது.

பூக்காரம்மாவிடம் வாழைநார் வாங்கி, ஒவ்வோர் இடுப்பாகக் கட்டிவிட்டு, கோஷ்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அதற்குள் மாப்பிள்ளை கல்யாண வீட்டு வாசலில் தன்னந்தனியாக வந்து இறங்கியிருந்தார். ஆரத்தி இன்னும் கரைக்கவில்லை. சொக்கலிங்கம் மாமா பனியனோடு ஓடிவந்து, "பேண்டு எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"வருது மாமா. கால்சட்டையப் பிடிச்சுக்கிட்டு வருது" என்றாராம் மாப்பிள்ளை.

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மாமா ஒவ்வோர் இடுப்பையும் நிதானமாகப் பார்த்தார். "முடிச்சு நல்லா போட்டிருக்கீக தம்பி" என்றார். மாப்ள போய்த் தம்பி வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் கீழே உட்காரும் சத்தம் கேட்டது.

கல்யாணக் கூட்டம் கலைந்ததும் மாமா அவளிடம், "அந்தக் கிறுக்கன் வேணாம்னு சொல்லிவிட்டுரவா ஆத்தா?" என்று கேட்டாராம். வள்ளி பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்தது. மறுபடி கேட்டார், மறுபடியும் சிரிப்பு. மாமா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் கல்யாணத்துக்கு அதே கோஷ்டி வேட்டி கட்டி வந்து வாசித்தது.

இப்போது பேரன் பேத்திகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, "தாத்தாவக் கட்டிக்க எப்ப சரின்னு சொன்னீங்க?" என்று கேட்கிறார்கள்.

"நான் எங்க சொன்னேன்?" என்கிறாள் வள்ளி. "இன்னும் சிரிச்சே முடிக்கலையே!"