நாய்க்கு ஏது முழங்கை?

நாற்கால் உயிரின உருவரைபட மையத்தில், அதாவது பிராணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அரசு ஆபீசில், அன்று அவரவர் நாயோடு நாங்கள் நின்ற வரிசையில் முதலில் இருந்தவர்கள் தையல்காரம்மாவும் அவர் நாய் பட்டாணியும். பட்டாணி நின்றது மூன்று காலில். இடது முன்னங்காலைத் தரையில் வைத்தாலே முனகியது. மூட்டுக்குள் எலும்புத் துணுக்கு உடைந்து கிடக்கலாம், சீக்கிரம் ஸ்கேன் எடுத்துப் பார்க்காவிட்டால் கால் கடைசிவரை உதவாது என்று சொல்லி, 'இடது முழங்கை' என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டர்.

அதிகாரி சீட்டைப் படித்தார். நாயைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

"ஏம்மா, நாய்க்கு எத்தனை கை?"

"நாய்க்கு ஏது சார் கை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். கையே இல்லாததுக்கு முழங்கை எங்கேருந்து வரும்? வாசல்ல போர்டு பாத்தீங்களா? நாற்கால்! நாலும் கால்."

"முன்னங்கால் மூட்டுக்கு டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்களாம் சார்."

"டாக்டர் ஆயிரம் சொல்வார். ஆடிட்ல பதில் சொல்றது நான்."

அதிகாரி இரக்கமற்றவர் அல்ல. 'கை'யை அடித்து 'கால்' என்று அவரே திருத்தி, முத்திரையும் குத்தி உள்ளே அனுப்பினார். நாய்க்கு முழங்கால் பின்னால்தான் இருக்கிறது. ஸ்கேன் எடுப்பவரும் கடமை தவறாதவர். சீட்டில் உள்ளபடி பின்னங்காலை எடுத்தார். படம் அருமையாக வந்தது. கூடவே அறிக்கையும் வந்தது: 'முழங்கால் பூரண நலம். மேற்படி பிராணி நொண்டுவதற்கு முகாந்திரம் ஏதுமில்லை.'

பட்டாணி முகாந்திரம் இல்லாமலே நொண்டிக்கொண்டு வெளியே வந்தது.

"வலிக்கறது முன்னால சார்!" தையல்காரம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "வாயில்லா ஜீவன் சார்!"

"வாய் இல்லைன்னு யாரும்மா சொன்னா? கைதான் இல்ல."

வரிசையில் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். எங்கள் முறை கெட்டுவிடக் கூடாதல்லவா? ஒருவர் மட்டும், "ரூல்ஸ்னா ரூல்ஸ்தானேம்மா" என்று ஆறுதல் சொன்னார்.

டீ குடிக்க அதிகாரி வெளியே வந்தார். அவரும் வீட்டில் நாய் வளர்ப்பவர். கண்காட்சிக்கெல்லாம் போகிற உசத்தி நாய். பட்டாணியைக் கண்டதும் குழைந்து, குனிந்து, நாயைக் கண்டால் எல்லாரும் சொல்வதையே சொன்னார்.

"எங்கே, கை குடு!"

பட்டாணி நல்ல காலை ஊன்றி, வலிக்கிற காலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தது.

"இப்ப குடுத்தது என்ன சார்?" என்றார் தையல்காரம்மா.

அதிகாரி தன் உள்ளங்கையைப் பார்த்தார். வாங்கியதை வாங்கவில்லை என்று சொல்வது சர்வீஸ் முழுக்க அவருக்குப் பழக்கம்தான். ஆனால் இத்தனை பேர் பார்க்க வாங்கியது இதுவே முதல் தடவை.

முழங்கையைப் படம் எடுத்தார்கள். துணுக்கு தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து பட்டாணி இப்போது நாலு காலில் ஓடுகிறதாம்.

வாசலில் புதுப் போர்டு வந்திருக்கிறது: 'கை கொடுக்கும் பிராணிகளுக்கு மட்டுமே முழங்கைப் படம் எடுக்கப்படும்.' அதைப் பற்றி வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. "கை குடுடா சனியனே!" என்று அவரவர் நாயைத்தான் அதட்டிக்கொண்டிருக்கிறோம். என் நாய் மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறது. அன்றைக்கு அந்தம்மாவுக்கு நான் கொடுக்காததை, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது அது.