சட்டைப்பையில் செம்பு ஆக்சைடு

பெண் பார்க்கப் போகிறவனுக்கு ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். சட்டைப்பையைக் காலி செய்துவிட்டுப் போ என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அப்போது நான் சிங்கப்பூருக்குப் பக்கத்தில், உலு திராமில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, அடுக்கடுக்கான செம்பு ஆக்சைடுகளின் காந்தத் தன்மையைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தேன். (அம்மா இதை உறவினர்களிடம் "லெக்சரர் மாதிரி" என்று சொல்லிச் சமாளித்துவந்தார்.) வரன் தேடி அம்மா காட்டிய புகைப்படத்தில் கவிதாவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பத்து பாகாட்டில் அவர்கள் வீடு. அம்மாவோடு போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் நல்ல பிள்ளையாகக் குனிந்து கவிதாவின் அம்மா காலைத் தொட்டேன். என் பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம் நழுவி அவர் பாதத்தில் விழுந்தது. உள்ளே கறுப்புத் தூள். மறுநாள் சிங்கப்பூரில் சோதனைக்குக் கொடுக்க வேண்டியது; தொலைந்துவிடக் கூடாதென்று கூடவே வைத்திருந்தேன்.

அவர் சட்டென்று பின்வாங்கினார். "என்ன தம்பி இது? எந்த போமோகிட்ட வாங்குனீங்க?"

(போமோ என்றால் மந்திரிக்கிறவர். பெண் பார்க்க வந்தவன் பையில் கறுப்புத் தூள் இருந்தால் அது வசிய மருந்து. இதில் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே வராது.)

"ஐயோ, இல்ல ஆன்ட்டி! செம்பு ஆக்சைடு. நானே லேப்புல அரைச்சது."

"நீங்களே அரைச்சீங்களா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால், யாருக்கும் புரியும்படி விளக்கத் தெரிய வேண்டும் என்று என் பேராசிரியர் சொல்லியிருந்தார். தட்டிலிருந்த கூ லாப்பிஸ் துண்டை எடுத்துக் காட்டினேன்.

"இந்தப் பலகாரம் மாதிரி உள்ளுக்குள்ள அடுக்கடுக்கா இருக்கும். சூட்டுல நேரா நிக்கும். குளிர்ந்துச்சுன்னா சாஞ்சிரும். அப்போ பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதுங்க ஒண்ணு மேல பார்க்கும், ஒண்ணு கீழ பார்க்கும். ஒத்தே போகாது."

"யாரு ஒத்துப் போகமாட்டாங்க?"

"பக்கத்துல இருக்கிறவங்க." (அணுக்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.) "இன்னொரு பொருளை லேசா கலந்துட்டா அந்தச் சண்டை நின்னுரும்."

"எதுல கலப்பீங்க?"

என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கவிதாவின் அப்பா எழுந்து, எல்லோர் முன்னாலும் இருந்த தேநீர்க் கோப்பைகளைச் சத்தமில்லாமல் சமையலறைக்கு எடுத்துப் போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அறைக்குள்ளிருந்து கவிதா வெளியே வந்தாள். "ம்மா, வசியம் பண்ண வந்தவரு இப்படியா உளறுவாரு? விடுங்க லா."

அந்த ஒரு வாதத்தில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. மாமியாருக்கு மட்டும் இன்னும் முழுத் திருப்தி இல்லை. எங்களுக்குள் சண்டை என்று காதில் விழுந்தால் போதும், பத்து பாகாட்டிலிருந்து போன் வந்துவிடும். தப்பு யார்மேல் என்று கேட்கமாட்டார்.

"மாப்பிள்ள, மொதல்ல ஏர்கோனை அடைச்சிட்டுப் பேசுங்க."

ஏசி குளிரில்தான் சண்டை வரும் என்பது அறிவியல்படி சரியாக இருப்பதால் என்னால் மறுத்துப் பேச முடிவதில்லை.